வடசென்னையில் ஒரு மெலடிக் பங்க் பேண்டை பத்து வருஷம் ஓட்ட

பங்க் பேண்டு ஆரம்பிக்க ஒரு சாயங்காலம் போதும். அதை மூன்றாவது வருஷத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டு போவதுதான் பெரும்பாடு. பாட்டு வராமல் கலைகிற பேண்டு குறைவு. டிரம்ஸ் அடிக்க இடமில்லாமல், ஷிஃப்ட் ஒத்துவராமல், அந்த மிக்ஸருக்கு யார் காசு போட்டது என்ற தகராறில் கலைகிறவைதான் அதிகம். அதனால் இந்தப் பதிவில் புரட்சி, கோபம், தோல் ஜாக்கெட் எதுவும் கிடையாது. (மே மாசத்தில் தண்டையார்பேட்டையில் தோல் ஜாக்கெட் போடுகிறவரோடு பேண்டு ஆரம்பிக்கவும் கூடாது.) வேலைக்குப் போகும் நாலு பேர் தூக்கக்கூடிய எடையிலும் கட்டக்கூடிய செலவிலும் எல்லாவற்றையும் எப்படி வைத்துக்கொள்வது என்பது மட்டும்தான் இங்கே விஷயம்.

பின்னணி ரெண்டு வரியில். 1976ல் நியூயார்க்கின் ராமோன்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தில் 14 பாட்டை அரை மணி நேரத்துக்குள் அடைத்தார்கள். அந்த வேகத்தை இன்னும் ஏற்றி, மேலே பாப் மெட்டையும் அடுக்குக் குரலையும் வைத்தது தெற்கு கலிஃபோர்னியாக்காரர்கள்: டிசென்டென்ட்ஸ், 1980ல் தொடங்கிய பேட் ரிலிஜன். 1990ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃபேட் ரெக் கார்ட்ஸ் என்ற லேபிள் வந்தபின் அந்த மெலடிக் பங்க் சத்தம் உலகம் முழுக்கப் பரவியது. வேகம் நிமிஷத்துக்கு 160 முதல் 210 பீட். பாட்டு ரெண்டேகால் நிமிஷம். 190ல் அது சுமார் 107 பார் (ஒரு பார் என்பது நாலு பீட்). இன்ட்ரோவுக்கு எட்டு, வெர்ஸுக்கு பதினாறு என்று கழித்துப் பார்த்தால் வீணடிக்க எதுவுமே மிஞ்சாது.

முதலில் இடம். ஜாம் ரூம் வேண்டுமென்றால் தெற்கே போனால்தான் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும். மணிக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாரம் ஒரு முறை, ரெண்டு மணி நேரம், மாசத்துக்கு 3,200. தலைக்கு 800. பணத்தைவிட, திருவொற்றியூரிலிருந்து சிம்பல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்வருகிற மூன்று மணி நேரம்தான் ஆளைக் கொல்லும். ஆறு மாசத்தில் ஒருத்தர் "இந்த வாரம் முடியாது மச்சி" என்று ஆரம்பிப்பார். அதனால் முதல் வருஷத்துக்குள் சொந்தமாக ஒரு இடம் பிடிப்பது கிட்டத்தட்ட கட்டாயம்.

மொட்டை மாடி ஷீட் ரூம் வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சத்தத்தை அப்படியே தெருவுக்கு விட்டுவிடும், பகலில் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும். கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் தரைத்தளத்தில் கனமான செங்கல் சுவர் வைத்த பழைய குடோன் கிடைத்தால் அதுதான் சரி. சத்தத்தைத் தடுப்பது எடை. முட்டை அட்டையும் ஃபோமும் உள்ளே எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தத்தில் ஒரு பைசா குறையாது. அதோடு முட்டை அட்டை சட்டென்று தீப்பிடிக்கும். சுவரில் அது ஒட்டியிருக்கும் ரூமில் பழைய ஒயரிங்கும் இருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். காற்று போகிற வழியெல்லாம் சத்தம் போகும். முதல் செலவாகக் கதவின் நாலு பக்கமும் ரப்பர் பட்டை ஒட்டி, கீழ் இடுக்கை அடையுங்கள். ஜன்னலை ஹாலோ பிளாக் வைத்து நிரப்பிப் பூசிவிடலாம். மூலைகளில் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை நிறுத்தினால் உள்ளே பேஸ் குழம்புவது கொஞ்சம் அடங்கும்.

கிக் டிரம் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) காற்று வழியாக மட்டுமல்ல, தரை வழியாகவும் போகும். பக்கத்துப் போர்ஷன் பாட்டி புகார் சொல்வது பெரும்பாலும் அந்த தும் தும்மைத்தான். இதற்கு வழி டென்னிஸ் பந்து மேடை. 18 மில்லிமீட்டர் பிளைவுட் ரெண்டு அடுக்கு, டிரம் செட் நிற்கும் அளவுக்கு, அதாவது ஆறடிக்கு ஐந்தடி. கீழ்ப் பலகையில் சுமார் ஓரடிக்கு ஒன்றாக 5 சென்டிமீட்டர் ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பந்து. பந்தின் விட்டம் ஆறரை சென்டிமீட்டர் என்பதால் விழாமல் உட்கார்ந்துகொள்ளும். மேல் பலகையை அதன்மேல் சும்மா வையுங்கள். ரெண்டு பலகையையும் சேர்த்து ஸ்க்ரூ அடித்தால் அந்த ஸ்க்ரூ வழியாகவே அதிர்வு இறங்கிவிடும், செய்த வேலை வீண். மேடை சுவரைத் தொடக் கூடாது. பந்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் தெரு கிரிக்கெட் ஆடித் தேய்ந்த பந்து மூட்டை மூட்டையாகக் கிடைக்கும்.

இப்படி அடைத்த ரூமில் நாலு பேர், ரெண்டு ஆம்ப். நாற்பது நிமிஷத்தில் மூச்சு முட்டும். நாற்பது வாசிப்பு, பத்து நிமிஷம் கதவு திறப்பு என்று கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் யாரும் வாசிக்கக் கூடாது. தெருவோடு உறவு கெடுவது கதவு திறந்திருக்கும்போது கிட்டாரிஸ்ட் சும்மா சீண்டுவதால்தான்.

நேரம் பிடிப்பது தனிக் கலை. மணலி, எண்ணூர்ப் பக்கம் வேலை என்றால் 6 முதல் 2, 2 முதல் 10, 10 முதல் 6 என்று ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். "ஒவ்வொரு புதன்கிழமையும்" என்று முடிவுசெய்த பேண்டு ரெண்டாவது மாசத்தில் தடுமாறும். மாசம் ஒண்ணாம் தேதி நாலு பேரும் ரோஸ்டரைப் போட்டு, பொதுவாகக் காலியான நேரத்தை அன்றைக்கே பூட்டிவிடுங்கள். எல்லோரும் வந்தால்தான் ரிஹர்சல் என்று காத்திருக்கவும் வேண்டாம். டிரம்ஸும் பேஸும் மட்டும் ஒரு நாள், கிட்டாரும் குரலும் ஆம்ப் இல்லாமல் ஒரு நாள். பின்குரல் சரியாக வரும் பேண்டுகள் எல்லாம் இந்த ரெண்டாவது ரிஹர்சலை விடாதவை.

டிரம்மரை எங்கே தேடுவது? சர்ச்சில். ராயபுரம் முதல் பெரம்பூர் வரை சின்ன ஜெப வீடுகளில்கூட ஒரு முழு டிரம் செட் இருக்கும், அதை ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிற பையனும் இருப்பான். கை நன்றாக இருக்கும். ஆனால் ரெண்டு பழக்கத்தை உடைக்க வேண்டும். ஒன்று, நாலு பார் முடிந்தால் ஒரு ஃபில், அதாவது இடத்தை நிரப்பும் ஒரு உருட்டல். பங்க்கில் ஃபில் ஒரு பார்கூட நீளாது. பல இடத்தில் ஸ்னேரில் (டிரம்மர் முன்னால் இருக்கும் சின்ன டிரம்) நாலு அடி போதும். இன்னொன்று மூணடிச் சாய்வு. கானாவும் பாட்டுக்கச்சேரியும் கேட்டு வளர்ந்த கை 6/8 நடையில் தானாகவே ஊசலாடும். அந்த ஊசல் நம் ஊரின் சொத்து, மறுக்கவில்லை. ஆனால் 190ல் ஹைஹாட் (கால் பெடலில் மூடும் ஜோடி சிம்பல்) லேசாகச் சாய்ந்தால்கூட கிட்டாரின் டவுன்ஸ்ட்ரோக்கோடு ஒட்டாது, பாட்டு முழுக்க நொண்டும்.

மருந்து மெட்ரோனோம்தான். 120ல் ஆரம்பியுங்கள். ஹைஹாட்டில் நேர் எய்த் நோட் (பீட்டுக்கு ரெண்டு), ஸ்னேர் ரெண்டிலும் நாலிலும். ரெண்டு நிமிஷம் நிற்காமல், தோள் இறுகாமல் ஓடினால் 4 பீட் ஏற்றுங்கள். தோள் இறுகினால் 8 இறக்குங்கள். 190ல் வலது கை நிமிஷத்துக்கு 380 அடி அடிக்கிறது; அது தோளிலிருந்து வந்தால் ரெண்டாவது வெர்ஸில் வேகம் சரியும், மணிக்கட்டிலிருந்தும் விரலிலிருந்தும் வந்தால் நிற்கும். பல மாசம் பிடிக்கும் வேலை, குறுக்கு வழி கிடையாது. மேடை ஏறினால் பதற்றத்தில் எட்டு பத்து பீட் தானாக ஏறும் என்பதால், ஒவ்வொரு பாட்டையும் குறித்த வேகத்துக்கு 10 மேலேயும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அங்கே பாடுகிறவருக்கு மூச்சு விட இடம் இருக்கிறதா என்பதுதான் சோதனை.

கிட்டார் சீக்கிரம் முடிகிற விஷயம். பிரிட்ஜில் ஹம்பக்கர் (ரெண்டு காயில் பிக்கப்), 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஆம்ப், கெயின் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் திருகு) பாதிக்குக் கீழே. வீட்டில் தனியாக வாசிக்கும்போது மெலிசாகத் தெரியும் அந்த கெயின்தான் டிரம்ஸோடு சேரும்போது கார்டைக் கார்டாகக் கேட்க வைக்கும். மிட்டை, அதாவது நடு ஸ்தாயியை, வெட்டாதீர்கள், மிட் இல்லாத கிட்டார் சிம்பலுக்குள் காணாமல் போய்விடும். எல்லாக் கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கி ட்யூன் செய்தால் பாடுகிறவர் தொண்டை தப்பிக்கும், ஆனால் 10-46 தடிமன் கம்பி செட் தொளதொளக்கும். 11-49 போடுங்கள், போட்டபின் நெக்கையும் இன்டொனேஷனையும் (எல்லா ஃப்ரெட்டிலும் ஸ்வரம் சரியாக நிற்பது) சரிபாருங்கள். பேஸுக்கு பிக் கட்டாயம். விரலில் வாசித்தால் இந்த வேகத்தில் நோட் தெளியாது.

கடலோர ஊர் என்பதால் ஒரு விஷயம் கூடுதலாக. காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து புதுக் கம்பியைப் பத்து நாளில் கறுக்க வைக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பிக்கு மேலும் கீழும் துடையுங்கள், கேஸுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். வால்யூம் திருகின் பாட் கரகரத்தால் பழுது என்று முடிவுகட்டாமல் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை திருப்புங்கள். கேபிளை ரிச்சி தெருவில் ஷீல்டு ஒயரும் 6.35 மில்லிமீட்டர் மோனோ ஜாக்கும் வாங்கி நீங்களே பற்றவைக்கலாம். நடுக்கம்பி நுனிக்கு, ஷீல்டு உடலுக்கு. ஜாக்குக்குள் இருக்கும் அந்தத் தகரக் கவ்வியை ஒயரின் மேலுறை மேல் இறுக்க மறந்தால் இழுவை முழுவதும் பற்றவைப்பில் விழும், மூன்றாவது ஷோவில் விட்டுப்போகும். நீளம் 6 மீட்டரைத் தாண்ட வேண்டாம்; நீளம் கூடக் கூட மேல் ஸ்தாயி மங்கும்.

இப்போது வரிகள். தமிழில் பங்க் பாட முடியாது, இங்கிலீஷ்தான் உட்காரும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் மாத்திரைக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள். 190ல் ஒரு எய்த் நோட் 0.158 விநாடி. அதை ஒரு மாத்திரை என்று வையுங்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு ரெண்டு, மெய்க்கும் கடைசிக் குற்றியலுகரத்துக்கும் அரை. ஒரு பாருக்கு எட்டு. 'எண்ணூர்' சரியாக நாலு மாத்திரை, அரை பார். 'காசிமேடு' ஐந்தரை, ஆறு எய்த் நோட்டில் உட்கார்ந்து, மூச்சுக்கு ரெண்டு மிச்சம் வைக்கும். 'கொருக்குப்பேட்டை' ஏறக்குறைய முழு பார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அதே இலக்கணம் இங்கே சோறு போடுகிறது.

மெட்டு முதலில் வந்து, வரியை அதில் திணிக்கும்போதுதான் சிக்கல். மெட்டின் நீள நோட்டில் குறில் விழுந்தால் கேட்கிறவருக்கு அது நெடிலாகி வேறு சொல்லாகிவிடும். ஆகவே கோரஸின் நீள நோட்டுகளைக் குறித்துக்கொண்டு, அங்கே ஆ, ஏ, ஓ வரும் சொல்லை முதலில் நடுங்கள், மிச்சத்தைப் பின்னாலிருந்து கட்டுங்கள். 'மாட்டேன்', 'வந்தோம்', 'போனான்' போன்ற வினைமுற்றுகள் நெடிலில் போய் முடிவதால் கோரஸுக்குத் தோதானவை. ஆனால் கடைசி ன், ம் வாயை மூடிவிடும். மூன்று பேரும் வெவ்வேறு நேரத்தில் மூடினால் அடுக்குக் குரல் கலைந்துபோகும். உயிரைப் பிடித்துக்கொண்டிருந்து கடைசி எய்த் நோட்டில் எல்லோரும் சேர்ந்து மூட வேண்டும். வெர்ஸில் ட்ட, க்க, த்த வரும் இரட்டை வல்லினத்தை ஸ்னேர் விழும் இடத்தில் வையுங்கள். கானா பாடகர்கள் எத்தனையோ காலமாகத் தாளத்தோடு செய்வது இதைத்தான், அங்கே போய்க் கற்றுக்கொள்வதில் வெட்கமில்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடை ஏறியபோது கானாவும் ராக் கருவிகளும் ஒரே மேடையில் நின்றதை ஊரே பார்த்தது. பங்க் பேண்டுக்கும் அது திறந்த வாசல்தான்.

பின்குரலுக்கு ஒரே விதி: மூன்றாம் ஸ்வரம் ஸ்கேலைப் பின்தொடர வேண்டும். மெட்டுக்கு மேலே எப்போதும் நாலு ஃப்ரெட் என்று கண்ணை மூடிக்கொண்டு பாடினால் பாதி இடத்தில் உரசும். மூன்றா நாலா என்பதை ஸ்கேல்தான் சொல்லும். சர்ச் கொயரில் ஆல்டோ பாடியவர் ஒருவர் பேண்டில் இருந்தால் இந்தப் பத்தியே தேவையில்லை.

எட்டுப் பத்து பாட்டு, இருபத்தைந்து நிமிஷம் தேறியதும் மேடை. இங்கே பார், கஃபே எல்லாம் மேடை தராது. ஆனால் கோயில் திருவிழா, சர்ச் பண்டிகை, ஏப்ரல் 14, ஃபுட்பால் டோர்னமென்ட் பரிசளிப்பு என்று வருஷம் முழுக்கப் பந்தல் போட்டுக்கொண்டே இருக்கும் ஊர் இது. எட்டு மணிக்கு நடனம், ஒன்பதுக்குப் பாட்டுக்கச்சேரி, நடுவில் இருபது நிமிஷம் கேட்டால் கொடுப்பார்கள். விழா நடத்துகிற அண்ணன்களிடம் "ராக்" என்று ஆரம்பிக்காதீர்கள். "நம்ம ஏரியா பசங்க, சொந்தப் பாட்டு, இருபது நிமிஷம்ணா" என்பது போதும். ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி விழாக் கமிட்டி வாங்கியிருக்கும். நீங்களே தனியாக நடத்தினால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து எழுத்திலேயே அனுமதி வாங்குங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா எப்படியும் ஒரு மணி நேரம் தாமதமாகும். ஒன்பதரைக்கு உங்கள் நேரம் என்றால் அது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம், ஏழரையைக் கேளுங்கள்.

மைக் செட் அண்ணனோடு நட்பு, பெடல் வாங்குவதைவிட முக்கியம். அவர் மிக்ஸரில் எக்கோ எப்போதும் ஆனில்தான் இருக்கும், ஏனென்றால் கச்சேரிப் பாடகர்களுக்கு அது வேண்டும். எக்கோ 300 மில்லிவிநாடி திரும்பி வருகிறது என்றால், 190ல் அதற்குள் கிட்டத்தட்ட ரெண்டு எய்த் நோட் போய்விட்டது. அதாவது ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லின் தலையில் விழும். "அண்ணே, பாட்டு முடியிறவரைக்கும் எக்கோ மட்டும் கட் பண்ணிடுங்க" என்று ஏறுவதற்கு முன் நேரில் போய்ச் சொல்லுங்கள், முதல் பாட்டில் திரும்பிப் பார்த்து இன்னொரு தடவை கையால் காட்டுங்கள். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: குரலுக்கு மூன்று மைக், கிட்டார் ஆம்ப் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, கிக்குக்கு ஒன்று, பேஸுக்கு டிஐ பாக்ஸ் (கருவியை மிக்ஸரில் நேராக இணைக்கும் பெட்டி), பாடுகிறவர் காலடியில் ஒரு மானிட்டர். மானிட்டர் மைக்கின் முதுகைப் பார்த்து இருக்க வேண்டும். ஊய்ங் என்று கத்தினால் முதலில் பாருங்கள், பாடுகிறவர் மைக் தலையைக் கையால் பொத்திப் பிடித்திருப்பார். பொத்தினால் மைக்கின் திசைத்தன்மை போய்விடும், எந்த ஈக்வலைஸரும் காப்பாற்றாது.

கரண்ட் விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். பந்தல் மேடையில் ஆம்ப் ஒரு லைனிலும் மிக்ஸர் இன்னொரு லைனிலும் இருக்கும், எர்த் எங்கேயோ விட்டுப்போயிருக்கும். கிட்டார் கம்பியில் கை, மைக்கில் உதடு. நடுவில் நீங்கள்தான் ஒயர். மேடை ஏறியதும் மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை மைக் வலையிலும் மறு முனையைக் கிட்டார் கம்பியிலும் தொடுங்கள். ரெண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வாசிக்காதீர்கள். எர்த் இல்லாத அடாப்டர் என்றால் 100 வோல்ட் பக்கம் காட்டும், தொட்டால் சுரீர் என்று கடிக்கும். உள்ளே பழுதான ஆம்ப்பும் அதே எண்ணைக் காட்டலாம், அது ஆளையே முடித்துவிடும். மீட்டர் ரெண்டையும் பிரித்துச் சொல்லாது. ஆம்ப், மிக்ஸர், பெடல் எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே பாயின்ட்டிலிருந்து எடுக்கும் ஒரு ஸ்பைக் பஸ்டரும், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) வைத்த ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியும் பேண்டின் சொத்தாக இருக்கட்டும். ஹம் வருகிறது என்று மூன்றாவது பின்னை உடைக்கிறவரை மேடைக்கே விடாதீர்கள். ஹம்முக்கு டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் இருக்கிறது.

மேடைக்குப் போகும்போது டிரம்மர் தன் ஸ்னேர், சிம்பல், கிக் பெடல், ஸ்டூல் மட்டும் கொண்டுபோனால் போதும், மிச்சத்தை அங்கே இருக்கிற செட்டில் சமாளிக்கலாம். முழு செட் என்றால் ஒரு குட்டி யானை, அதில் பாதி இடம் காலியாக இருக்கும் என்பதால் இன்னொரு பேண்டோடு பங்கு போடுங்கள். ரெண்டு கிட்டாரும் ஒரு பெடல் பெட்டியும் என்றால், கூட்டமில்லாத நேரத்தில் கும்மிடிப்பூண்டி லைன் லோக்கலே போதும்.

சொந்தமாக ஷோ போட்டால் டிக்கெட் விலையைக் குறைவாக, எல்லா வயதும் வரும்படி வையுங்கள். வாஷிங்டனின் ஃபுகாஸி பேண்டு அமெரிக்கா முழுக்க 5 டாலர் டிக்கெட்டில் ஓட்டியது தர்மத்துக்காக மட்டும் அல்ல. செலவை அதற்கேற்பச் சுருக்கியிருந்ததால்தான் கட்டுப்படியானது. நூறு ரூபாய் டிக்கெட், அறுபது பேர் வந்தால் ஆறாயிரம். ஹாலும் மைக் செட்டும் அதற்குள் அடங்காவிட்டால் ஹால் பெரியது என்று அர்த்தம், டிக்கெட் சின்னது என்று அல்ல.

ரெக்கார்டிங். மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் பேண்டு 500 பவுண்டு கடன் வாங்கி, சில மணி நேரத்தில் நாலு பாட்டைப் பதிந்து, 1977 தொடக்கத்தில் ஆயிரம் தட்டு தாங்களே போட்டார்கள். இன்று அந்தக் காசுக்கு மேலேயே வசதி கையில் இருக்கிறது. நாலு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) போதும்: கிக், ஸ்னேர், டிரம்ஸுக்கு மேலே ரெண்டு. மேலே உள்ள ரெண்டு மைக்கும் ஸ்னேரின் நடுப்புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். அளக்கும் டேப் தேட வேண்டாம். ஒரு நூலின் முனையை ஸ்னேர் நடுவில் ஒருவர் விரலால் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் மறுமுனையை முதல் மைக்கின் தலைவரை இழுத்து அங்கே முடிச்சுப் போட்டு, அதே முடிச்சு ரெண்டாவது மைக்கைத் தொடும்வரை ஸ்டாண்டை நகர்த்த வேண்டும். சில சென்டிமீட்டர் தவறினாலே ஸ்னேர் மெலிந்து, காகிதம் கிழிவது போலக் கேட்கும். அதை மிக்ஸிங்கில் மீட்கப் பார்ப்பது நேர விரயம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம். மேடை வேகத்தைவிட நாலைந்து பீட் குறைத்துப் பதியுங்கள்.

கிட்டாரை இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என்று ரெண்டு தடவை நிஜமாகவே வாசிக்க வேண்டும். ஒன்றையே காப்பி செய்து ரெண்டு பக்கம் போட்டால் சத்தம் கூடுமே தவிர அகலம் வராது. ரெண்டாவது டேக்குக்குக் கெயினை இன்னும் குறையுங்கள். பேசின் பிரிட்ஜ் பக்கம் ரூம் என்றால் ரயில் ஹாரனுக்கு நடுவில் குரல் பதிவது பொறுமையைச் சோதிக்கும். போர்வையைக் கொடியில் முக்கோணமாகத் தொங்கவிட்டு, போர்வைக்கு முதுகு கொடுத்துப் பாடுங்கள். மைக் கேட்பது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதைத்தான். ஃபேனை மறக்காமல் நிறுத்துங்கள்.

வெளியீட்டில் பணம் வரும் என்று திட்டமே போடாதீர்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் பன்னிரண்டு மாசத்தில் ஆயிரம் ஸ்ட்ரீம் எட்டாத பாட்டுக்குக் காசே கிடையாது. பேண்டுகள் பாட்டை நேராக விற்கும் பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம், பொருளில் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும். விசுவாசமான ஐம்பது பேர் இருந்தால் அது மேல். நிஜத்தில் பெட்ரோல் காசு தருவது டி-ஷர்ட். 180 ஜிஎஸ்எம் பருத்தி, முன்பக்கம் ஒரே கலர் ஸ்கிரீன் பிரின்ட். ஐம்பது அடித்தால் ஸ்மால் 8, மீடியம் 16, லார்ஜ் 16, எக்ஸ்எல் 10. ஒன்றுக்கு 200 அடக்கம், 350 விற்பனை என்றால் இருபத்தொன்பதாவது ஷர்ட்டில்தான் போட்ட காசு திரும்பும். அதுவரை அடுத்த டிசைன் பற்றிப் பேசக் கூடாது. கறுப்பு அடியுங்கள். வெள்ளை விற்காமல் தங்கும்.

பேண்டுக்கு ஒரு நோட்டு வேண்டும். தலைக்கு மாசம் 500 உண்டியல். வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே பேண்டுப் பணமா, தனி ஆள் பணமா என்று ஒரு வரி. பாட்டு முடிந்த அன்றே யார் வரி, யார் மெட்டு, பங்கு எவ்வளவு என்று எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நாலாகச் சமமாகப் பிரிப்பதே என் பரிந்துரை. பதிவின் உரிமை வேறு விஷயம்: இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் முதல் உரிமையாளர் அதன் தயாரிப்பாளர், அதாவது பதிவை முன்னின்று பொறுப்பேற்றுச் செய்தவர். தெரிந்தவர் ஸ்டுடியோவில் ஓசியில் பதிந்தீர்கள் என்றால், தயாரிப்பாளர் பேண்டுதான் என்று அவரிடம் ஒரு தாளில் வாங்கிவிடுங்கள். வரியும் மெட்டும் எழுதியவர்கள் ஐபிஆர்எஸ்ஸில் (பாட்டு எழுதியவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சங்கம்) தனித்தனியாகத்தான் சேர வேண்டும். பேண்டு பெயரில் சேர முடியாது.

யாராவது ஒருநாள் கிளம்புவார். துபாய் வேலை, கல்யாணம், வீடு மாறி செங்கல்பட்டு. அதற்கான பக்கத்தை நோட்டில் முதல் வருஷமே எழுதிவையுங்கள்: பெயர் யாரிடம் தங்கும், உண்டியலில் அவர் பங்கு எப்படிக் கணக்காகும், பழைய பாட்டின் பங்கு குறையாது என்பது. மின்னஞ்சல், பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றும் டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கு, பேண்ட்கேம்ப் ஆகியவற்றின் பாஸ்வேர்டு ரெண்டு பேரிடம் இருக்கட்டும். ஒவ்வொரு பாட்டின் எல்லா டிராக்கையும் முதல் பாரிலிருந்தே தொடங்கும் தனித்தனி வேவ் ஃபைலாக, எஃபெக்ட் இல்லாமல் ஒன்றும் எஃபெக்டோடு ஒன்றுமாக ஏற்றுமதி செய்து, ரெண்டு ஹார்ட் டிஸ்க்கில், ரெண்டு வீட்டில் வையுங்கள். சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் நம்பினால் நாலு வருஷம் கழித்து புது டிரம்மரோடு மறுபடி மிக்ஸ் செய்ய உட்காரும்போது ப்ளக்இன் பாதி திறக்காது. ஃபைல் பெயரில் பாட்டின் பெயர், வேகம், ட்யூனிங் மூன்றும் இருக்கட்டும்.